"வருது" என்று சொல்ல வேண்டிய சோதனை

இதை வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு பெண், "எனக்கும் இதேதான் ஆச்சி, ரொம்ப வருசமா. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது" என்று காதோடு சொன்னாள். பார்த்தால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். படித்தவளே சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் எங்கே சொல்லப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் படிக்கத்தான் இது.

எனக்கு ஒன்றுக்கு நிற்காது. நோய் இதுதான். முதலில் இருமினால் வந்தது, தும்மினால் வந்தது. பிறகு குனிந்து நிமிர்ந்தால் வந்தது. கடைசியில் சும்மா நின்றாலும் சொட்டியது.

நான் உப்பளத்து வேலைக்காரி. கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு வந்த நாளில் இருந்து அளத்தில் உப்பு சுமந்தேன். வாரிப் போட்ட உப்பை ஓலைப் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்தால், உப்புத்தண்ணீர் கழுத்து வழியாகவும் முதுகு வழியாகவும் ஒழுகி, சேலை கீழ்வரைக்கும் நனைந்துவிடும். காலுக்குக் கீழே பாத்தித் தண்ணீர். காய்ந்த சேலையோடு ஒரு பெண்ணை அளத்தில் பார்க்க முடியாது. அதனால் இந்தச் சீக்கு வந்தபோது அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை. நனைந்தவர்களோடு நனைந்தவளாக நின்றேன்.

என் மகன் ராஜன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். "இனி போவாதம்மா, நான்தான் சம்பாதிக்கனே" என்று பல தடவை சொல்லிப் பார்த்தான். மகன் கஞ்சி ஊற்றவில்லை போல, அதுதான் கிழவி இன்னும் சுமக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதுக்கும் போனது. அவன் தலை குனிந்து நடந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. வீட்டில் வழவழப்பான டைல்ஸ் தரை. உட்கார்ந்து எழுந்தால் ஈரம் தெரியும். அளத்தில் தெரியாது. காரணம் அவ்வளவுதான், அதை யாரிடம் சொல்ல?

ஐப்பசி பிறந்து மழை விழுந்தால் அளம் முங்கிவிடும், வேலை கிடையாது. முந்தின வருஷங்களில் எப்படியோ சமாளித்தேன். இந்த மழைக்கு முடியவில்லை. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நின்றுகொண்டே இருந்தேன், சாப்பிடுகிறபோதும் நின்றேன். "முட்டு மடக்க முடியல" என்று சொல்லி வைத்தேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். ஆனால் மழையில் துணி காயாதே. என் மருமகள் அமுதா பிடித்தது அதை வைத்துத்தான். கொல்லைக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, நீங்க வாசல்படி தாண்டல. எதுக்கு இத்தன சேல மாத்துதிய?"

"சாரல் அடிச்சுட்டுளா."

"அடுப்படிக்குள்ளயா சாரல் அடிச்சுது?"

அவள் கிட்டே வந்தாள். அவள் மூக்கு லேசாக அசைந்தது. அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை.

"எத்தன நாளா இப்பிடி?"

"கொஞ்ச நாளா."

"ஒங்க கொஞ்ச நாளு எனக்குத் தெரியாதா? வருசக் கணக்கா இருக்கும்." கொடியைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்காத்தான் ஓடி ஓடி அளத்துக்குப் போனியளா?" என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கொடியில் கிடந்த ஈரச் சேலையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தன் படுக்கை அறை ஃபேனுக்குக் கீழே நாற்காலி நாற்காலியாக விரித்தாள்.

பக்கத்து டாக்டர் சுகர் பார்த்தார், இல்லை. மாத்திரை கொடுத்தார், நிற்கவில்லை. அவர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இதற்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

மூத்திரப் பை பலூன் மாதிரி. அதன் வாயைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. இறுக்கு, விடு என்று அந்தத் தசைக்குச் சொல்வது நரம்பு. பை நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்வதும் நரம்புதான். மூத்திரம் ஒழுகுகிறது என்றால் வாய் தளர்ந்திருக்கலாம், அல்லது பை சரியாகக் காலியாகாமல் நிறைந்து வழியலாம், அல்லது நரம்பே செத்திருக்கலாம். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ஈரம்தான். உள்ளே வேறு வேறு.

"வாய் தளர்ந்ததுதான் காரணம்னா சின்ன ஆபரேஷன் போதும்மா" என்றார். "நாடா மாதிரி ஒரு வலை. அடியில குறுக்க வச்சுத் தாங்கிப் பிடிச்சா இருமினாலும் வராது. ஆனா நரம்பு, தசை ரெண்டையும் சோதிச்சுப் பார்க்காம நான் கத்தி எடுக்க மாட்டேன். நரம்பு போயிருந்தா நாடா வைக்க முடியாது."

எனக்கு அந்த நாடா வேண்டும் என்று மட்டும் மனதில் ஏறியது. நாடா வைத்தால் உட்காரலாம். தரையில் எல்லாரோடும் உட்கார்ந்து சோறு தின்னலாம். பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தால் உட்காரலாம். கல்யாண வீட்டுக்குப் போகலாம். வேறு ஆசை எனக்கு அந்தச் சமயத்தில் இல்லை.

இங்கே அளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அளத்தில் கக்கூஸ் கிடையாது. போக வேண்டுமென்றால் வரப்பு தாண்டி, தூரத்தில் முள்மரம் அடர்ந்த உடங்காட்டுக்குப் போக வேண்டும். தனியாக ஒருத்தியும் போக மாட்டாள். ஒருத்தி வாய் திறந்தால் அந்தக் கூட்டமே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் கூட நடக்க வேண்டும். கங்காணி முறைப்பார். அதனால் முதலில் வாய் திறக்கிறவளை மற்றவர்கள் லேசில் விட மாட்டார்கள். "வந்துட்டாளா ஓட்டக்கொடம்" என்று சாயங்காலம் வேன் ஏறும் வரை கேலி செய்வார்கள். ஆகையால் யாரும் முதல் ஆளாகச் சொல்வதில்லை. வயிறு கல்லாகும் வரை அடக்குவோம். நான் சுமந்த காலம் முழுவதும் ஒரு நாள்கூட முதல் ஆளாக வாய் திறந்தது இல்லை. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது ஒன்றுதான் பெருமையாக இருந்தது.

சோதனைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளியே வரிசையாக நாற்காலி, வரிசையாகப் பெண்கள். எல்லார் மடியிலும் ஃபைல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாரும் டிவியைப் பார்த்தோம். அதில் சத்தம்கூட வைக்கவில்லை. நான் மட்டும் சுவரோரம் நின்றேன். அமுதா அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் பையை வைத்துவிட்டு என் கூடவே நின்றாள்.

உள்ளே முதலில் நடுவில் ஓட்டை உள்ள ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கீழே புனல். எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு கருவி அளக்குமாம். திரைக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் நிற்கிறாள். எனக்கு வரவில்லை. வேண்டாத இடத்தில் எல்லாம் வருவது, வா என்று கூப்பிட்ட இடத்தில் வரவில்லை. அந்தப் பெண் பாவம், குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு, "சத்தத்தக் கேளுங்க ஆச்சி, தானா வரும்" என்றாள். கொஞ்சம் சொட்டியது. அவ்வளவுதான்.

பிறகு மேசையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். மெல்லிய குழாய் ஒன்று மூத்திரப் பைக்குள். இன்னொன்று பின்பக்கம். பின்பக்கத்துத் தசையின் இரண்டு புறமும் ஒட்டுப் பட்டை, நெஞ்சில் ஈ.சி.ஜி. எடுக்கும்போது ஒட்டுவார்களே அது மாதிரி. தசை இறுக்குகிறதா விடுகிறதா என்று அதன் வழியாகக் கம்ப்யூட்டரில் கோடு ஓடும். வலி பெரிதாக இல்லை. வெளிச்சம்தான் தாங்கவில்லை. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகூட அந்த வெளிச்சத்தில் என்னைப் பார்த்ததில்லை.

"தண்ணி ஏறுது ஆச்சி. மொதல்ல லேசா தெரியும், அப்பச் சொல்லுங்க. போணும்போல இருந்தா சொல்லுங்க. இனி தாங்காதுன்னாலும் சொல்லுங்க."

"சரிம்மா."

"இப்பத் தெரியுதா?"

"இல்லம்மா."

"இப்ப?"

"இல்ல."

தெரிந்தது. முதலிலேயே தெரிந்தது. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்றால், இது சோதனை, சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும், அடக்க முடிகிறவளுக்குத்தான் நாடா வைப்பார்கள் என்று நினைத்தேன். உடம்பு வியர்த்தது. பல்லைக் கடித்தேன். அவள் கேட்கக் கேட்க இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். "இருமுங்க" என்றாள், சிந்திவிடக் கூடாது என்று பூனைக்குட்டி மாதிரி இருமினேன். "ஆச்சிக்கு நெறய தாங்குதே" என்று அவள் சொன்னபோது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டாக்டரம்மா அன்று வேறு ஆபரேஷனில் இருந்தார். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ராஜனும் லாரியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"இவ்வளவு தண்ணி ஏறியும் அம்மாவுக்குத் தெரியல. உணர்வு நரம்பு வேலை செய்யலன்னுதான் வருது. இந்த நிலைமையில நாடா வைக்கிறது ஆபத்து."

"அப்ப என்ன செய்ய டாக்டர்?" என்று ராஜன் கேட்டான்.

"துணி, பேடு வச்சுச் சமாளிக்கணும். வேற வழி யோசிப்போம்."

ராஜன் தரையைப் பார்த்தான். எனக்குத் தொண்டை வரை வந்தது, தெரிந்தது டாக்டர் என்று. மகன் நிற்கிறான். மகன் நிற்கும்போது அதை எப்படிச் சொல்ல? வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போது ஒழுகியது. ராஜன் முன்னால் போய்விட்டான். அமுதா என் பின்னால் ஒட்டி நடந்தாள், யாரும் பார்க்காதபடி.

அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போட்டது. திரும்பவும் ஆஸ்பத்திரி. மூத்திரத்தில் கிருமி என்றார்கள். பை முழுசும் காலியாகாமல் தேங்கிக் கிடந்தால் கிருமி வளருமாம், குழாய் போட்டதாலும் வருமாம். கட்டிலில் சேர்த்து, ஊசி ஏற்றி, மூத்திரம் போகக் குழாய் போட்டுப் பை மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பை மாட்டிய நாட்களில்தான் நான் காய்ந்திருந்தேன். சொன்னால் யாருக்கும் விளங்காது. காய்ச்சல், கையில் ஊசி, எழுந்திருக்கச் சீவன் இல்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்தேன். விரிப்பு காய்ந்து கிடந்தது. கையால் தடவிப் பார்த்தேன். கட்டிலோரம் தொங்குகிற பைதான் அவமானமாக இருந்தது, நிறமும் அளவும் எல்லாருக்கும் தெரிகிறதே. அமுதா ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் மாட்டிவிட்டாள். ராஜனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தினமும் வருவான், முந்திரி மக்ரூன் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைப்பான், "தின்னும்மா" என்பான், போவான். பில்லைப் பற்றி ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. ஓட்டம் முடிந்து வந்து ராத்திரி ஓட்டமும் போகிறான் என்று அமுதா சொல்லித்தான் தெரியும். மக்ரூன் எனக்கு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்தேன்.

இசக்கியம்மா பார்க்க வந்தாள். அளத்தில் என் கூடச் சுமந்தவள். அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார்.

"என்னளா புஷ்பம், அளத்துல கம்பு கணக்கா நிப்ப, இங்கன வந்து மல்லாந்து கெடக்க?"

"காய்ச்சல்."

"காய்ச்சலுக்கு எதுக்குளா கீழ குழா? யாருகிட்ட கத விடுத?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அமுதா மெதுவாகச் சொன்னாள். "அத்தைக்கு ஒண்ணுக்கு நிக்கல சித்தி. முட்டுறதே அவுகளுக்குத் தெரியலையாம். நரம்பு செத்துட்டுன்னு சொல்லுதாக."

இசக்கியம்மா சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"இவளுக்கா தெரியல? ஏளா அமுதா, ஒன் மாமியாளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? முட்டி முட்டி மூஞ்சி கருத்தாலும் வாயத் தொறக்க மாட்டா. நாங்க அத்தன பேரும் ஒவ்வொரு நாளு அவமானப்பட்டிருக்கோம், இவ ஒருத்திதான் தப்பிச்சவ. எங்ககிட்டயே மொத ஆளாச் சொல்லாதவ, அந்த மெசினுக்காரிகிட்டயா சொல்லப் போறா?"

அமுதா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அத்த. தெரிஞ்சுதா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"என்னப் பாருங்க அத்த. தெரிஞ்சுதா, இல்லியா?"

"ஆரம்பத்துலயே தெரிஞ்சுட்டு."

"பெறவு ஏன் சொல்லல?"

"அடக்குனா பாஸுன்னு நெனச்சேன்."

இசக்கியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அட பாவி மவளே" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அமுதா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டை என் கட்டிலிலேயே விரித்தார். ஒரு கோட்டைக் காட்டினார். பை நிறைய நிறைய அந்தக் கோடு முள்ளு முள்ளாகத் தடித்துக்கொண்டே போயிருந்தது. "இது உங்க தசையோட கோடு. நிறைய நிறைய இறுக்கிக்கிட்டே இருந்திருக்கீங்க. தெரியாத ஆளு ஏன் இறுக்கணும்? ஒட்டுப் பட்டை நனைஞ்சதால இப்படி வருதுன்னு நினைச்சுட்டேன். நான் உங்ககிட்ட ஒரு தடவை கேட்டிருக்கணும்." பிறகு என் கையைத் தட்டி, "காய்ச்சல் நிக்கட்டும். திரும்பப் பார்ப்போம். இது தாங்கிக் காட்டுற சோதனை இல்லம்மா. சொல்லிக் காட்டுற சோதனை" என்றார்.

இரண்டாம் தடவை அவரே செய்தார். முதலில் நரம்புக்கு. கையுறை விரல் நுனியில் சின்னத் தகடு ஒட்டியிருந்தது. அதை உள்ளே வைத்து நரம்பின் மேல் லேசாக மின்சாரம் விட்டால், தசை துடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கருவி பார்க்கும். கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக் சுருக் என்றது. அந்த இடத்தில் ஒருவர் மின்சாரம் விடுவார், நான் காலை விரித்துக் கிடப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கடலில் விழுந்திருப்பேன். கிடந்தேன். வேறு என்ன செய்ய?

பிறகு தண்ணீர் ஏற்றினார்கள். அமுதா என் தலைமாட்டில் நின்றாள், வேண்டாம் என்று சொல்லியும் போகவில்லை. குளிர்ச்சியாக ஏறியது. அடிவயிற்றில் லேசாக ஒன்று அசைந்தது. சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. சத்தம் நெஞ்சோடு நின்றது.

"அத்த, மூஞ்சி மாறுது. தெரியுதா?"

"வருது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"வருது."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். அப்புறம் "போணும்போல இருக்கு" என்றும், "இனி தாங்காது" என்றும் சொன்னேன். பலமாக இருமச் சொன்னார்கள். இருமினேன். எல்லார் முன்னாலும் மேசையில் சிந்தியது. அமுதா என் நெற்றியைத் துடைத்தாள். "நல்லா இருமினீங்க" என்றார் டாக்டரம்மா. அதற்கும் பாராட்டு.

அதோடு முடிந்திருந்தால் நாடா கிடைத்திருக்கும். கடைசியில், "இப்ப எல்லாத்தையும் விட்டுருங்க, போங்க" என்றார். என்னால் விட முடியவில்லை. விடு விடு என்று உடம்பிடம் கெஞ்சினேன். அது கேட்கவில்லை. கோடு கீழே இறங்கவே இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் வெளியே போனார்கள், விளக்கைக் குறைத்தார்கள். கொஞ்சம்தான் போனது. மீதி உள்ளேயே நின்றது.

டாக்டரம்மா பிறகு விளக்கினார். நரம்பு சாகவில்லை, மெதுவாக வேலை செய்கிறது. இருமும்போது தாங்குகிற வாய் தளர்ந்துவிட்டது. காலம் பூராவும் அடக்கி அடக்கிப் பை தொய்ந்து, தள்ளுகிற பலம் குறைந்துவிட்டது. தசைக்கு விடவும் மறந்துவிட்டது. அவர் முதல் நாள் சொன்ன மூன்றிலும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம்.

"நாடா வைக்கலாம். ஆனா வச்ச பிறகு ஒண்ணுக்கு மொத்தமா அடைச்சுக்கலாம். அப்படி ஆனா ஒரு சின்னக் குழாயை நீங்களே உள்ள விட்டு, தினமும் வெளியேத்தணும். அதைப் பழகிக்கிட்டாதான் நான் ஆபரேஷன் செய்வேன்."

சிஸ்டர் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்துத் துவாரத்தைக் காட்டினாள். என் உடம்பில் அந்த இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டேன். சிஸ்டர் பொறுமைசாலி, திரும்ப நிமிர்த்திக் கொடுத்தாள். ஆனால் என் விரல் உதவவில்லை. உப்பில் ஊறி ஊறி நுனி தடித்து, வெடித்து, காய்த்துப்போன விரல். பிடித்தால் குழாய் பிடித்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடியில் வலது இடது மாறியது. குழாய் வழுக்கித் தரையில் விழுந்தது. வேறு ஒன்று பிரித்தார்கள், அதுவும் விழுந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்றாள் அமுதா.

"வேண்டாம்!"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. அமுதா திகைத்துப்போனாள்.

"ஏன் வேண்டாம்? நான் யாரோவா?"

"மருமவ நீ. ஒன் கையால இது வேண்டாம்ளா. நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

"இப்பிடியேன்னா? நின்னுக்கிட்டே சோறு திங்கவா? சாவுற வரைக்கும் முட்டு மடங்கலன்னு சொல்லிக்கிட்டா?"

அவள் பொம்மை மாதிரி ஒன்றில் குழாய் போட்டுப் பழகினாள், முதல் தடவையே சரியாகப் போட்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க. ஒரு தடவை உங்க மருமக போட நீங்க விட்டுட்டீங்கன்னா, நாள் குறிப்போம். விட முடியலன்னா வர வேண்டாம். ரெண்டுல எதுவும் தப்பில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். குழாய்ப் பொட்டலம் அலமாரி மேல் தட்டில் இருந்தது. அமுதா அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. துணி மடித்து வைத்துக்கொண்டு பழையபடி நின்றேன். தை பிறந்தது. அளத்தில் தண்ணீர் வடிந்து பாத்தி செப்பனிட ஆள் கூப்பிட்டார்கள். காலையில் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது என் கால் தானாக வாசலுக்குப் போனது. ஏறிவிட்டால் போதும். அங்கே போய் நனைந்துகொண்டு நிற்கலாம், யாருக்கும் தெரியாது, யார் கையும் படாது. இசக்கியம்மா ஜன்னல் வழியாக, "வாரியாளா?" என்று கேட்டாள். டிரைவர் அவசரப்பட்டான். படியில் நின்றபடியே எனக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அடிவயிறு கல்லாக வலித்தது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்க என் கழுத்தில் இனி பலம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இனி எத்தனை நாளைக்குத்தான் அங்கே போய் ஒளிய முடியும்?

"நீ போளா" என்றேன்.

ராஜன் லாரிக்குப் போய்விட்டான். அமுதா சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"அமுதா. அந்தக் குழாய எடு."

அவள் ஏன், என்ன என்று கேட்கவில்லை. மீன் நாற்றம் போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கதவைச் சாத்தினாள். கட்டிலில் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, பக்கத்தில் ஒரு பேசினை வைத்தாள். நான் படுத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கண்ணையும் இறுக்கிக்கொண்டேன். பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது. உடம்பு கட்டை மாதிரி விறைத்தது.

அப்போது அவள் பேச ஆரம்பித்தாள்.

"சீலா இன்னைக்கு யான வெலை அத்த. கேட்டுட்டு வந்துட்டேன். அந்த மரியதாஸ் அண்ணாச்சி இருக்காரே, கண்ணு குழிவுழுந்த மீன வச்சுக்கிட்டு இப்பத்தான் கரைக்கு வந்துச்சுங்காரு. நான் செவுளத் தூக்கிக் காட்டினேன். காலக் கொஞ்சம் தளத்திக்கோங்க. காட்டினா, ஒனக்கு மட்டும் எப்பிடித்தான் தெரியுதோன்னு சிரிக்காரு. மூச்ச இழுத்து விடுங்க. பெறவு சாளையா வாங்கிட்டேன். நல்ல நெய்ச்சாளை, அவிச்சா எண்ணெயா மெதக்கும்…"

குளிர்ச்சியாக ஒன்று நுழைந்தது. சுருக்கென்றது. பிறகு பேசினில் தண்ணீர் விழுகிற சத்தம். நிற்காமல் விழுந்தது. அவ்வளவு எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. அமுதா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாளைக்குப் புளி எவ்வளவு, மாங்காய் போடலாமா, ராஜனுக்கு முள் எடுத்துக் கொடுத்தால்தான் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிவயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

வருகிற வியாழக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். நாடா வைத்தால் நிற்குமா, அடைத்துக்கொள்ளுமா, இரண்டும் இல்லாமல் போகுமா என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

"முடிஞ்சுட்டு அத்த" என்று அன்று அவள் சொன்னாள். சேலையை இழுத்துவிட்டாள். நான் முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. அவள் பேசினை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவி வந்து, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, மாங்காய் புளிப்பு போதாது, கொஞ்சம் புளியும் கரைக்க வேண்டும் என்று மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், நானாகக் கண்ணைத் திறக்கிறவரைக்கும்.